ராணுவ ஆட்சிக்கு முதலாளிகள் ஏன் கைகொடுத்தார்கள்: பிரேசிலில் நடந்தது

கேட்டவர் எழுதியிருந்தது இது: "ராணுவம் ஆட்சியைப் பிடித்த பல நாடுகளில் பெரும் பணக்காரர்களும் ஆலை முதலாளிகளும் படித்தவர்களும் அதற்கு ஆதரவாக நின்றிருக்கிறார்கள். ஏன்? சட்டமே செல்லாத இடத்தில் சொத்துக்கு என்ன பாதுகாப்பு? எங்கள் பெரியப்பா மளிகை மொத்த வியாபாரி. மிலிட்டரி ஆட்சி வந்தால்தான் நாடு உருப்படும் என்கிறார். அதில் வியாபாரக் கணக்கு ஏதாவது இருக்கிறதா?" இதில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஏன் ஆதரித்தார்கள், ஆதரித்ததற்கு என்ன கிடைத்தது, கிடைத்தது கையில் தங்கியதா. முதல் கேள்விக்குப் பேராசை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். உங்கள் பெரியப்பாவுக்குப் பயன்படக்கூடியது மூன்றாவது.

நான் கல்லூரியில் பொருளாதார வரலாறு எடுத்தவன். லத்தீன் அமெரிக்கா என் பாடத்தில் ஒரு பகுதி. அதனால் 1964 முதல் 1985 வரை ராணுவம் ஆண்ட பிரேசிலை வைத்தே பேசுகிறேன். அங்கே ஆவணங்கள் ஓரளவு வெளியே வந்துவிட்டன. 2014-இல் தேசிய உண்மை ஆணையம் அறிக்கையும் கொடுத்தது. ஒரு நாட்டின் கதையை எல்லா நாட்டுக்கும் பொருத்திப் பார்க்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1961-இல் அதிபர் ஜானியோ குவாட்ரோஸ் திடீரென்று பதவி விலகியதால் துணை அதிபர் ஜோவாவ் கூலார்ட் அதிபரானார். இவர் ஒன்றும் ஏழைப் பங்காளக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. தெற்கே அர்ஜென்டினா எல்லையோரம் பெரிய மாட்டுப் பண்ணைகள் வைத்திருந்த நிலப்பிரபு. ஆனால் தொழிலாளர் கட்சிக்காரர். 1954-இல் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது குறைந்தபட்ச ஊதியத்தை இரு மடங்காக்க வேண்டும் என்றார். அதை எதிர்த்து ராணுவக் கர்னல்கள் கூட்டறிக்கை விட்டதில் அப்போது பதவியே போனது. அந்த அறிக்கையை எழுதியவர் கோல்பெரி டோ கோட்டோ இ சில்வா. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

கூலார்ட் அதிபராக இருந்த காலத்தில் முதலாளிகளை உறுத்திய விஷயங்கள் இவை. 1962-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் லாபத்தைச் சொந்த நாட்டுக்கு அனுப்புவதற்கு வரம்பு வைத்து ஒரு சட்டம் வந்தது. 1963-இல் விலைவாசி ஒரே ஆண்டில் ஏறத்தாழ 80 சதவீதம் ஏறியது. 1964 மார்ச் 13 அன்று ரியோவின் மத்திய ரயில் நிலையத்துக்கு முன்னால் பெருங்கூட்டத்தில், தனியார் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை அரசுடைமையாக்கும் ஆணையிலும், நெடுஞ்சாலைகளை ஒட்டிய பெரிய நிலங்களைக் கையகப்படுத்தும் ஆணையிலும் கையெழுத்திட்டார். அந்த மாதக் கடைசியில் மாலுமிகள் கலகம் செய்ய, அவர்களைத் தண்டிக்காமல் விட்டார்கள். முதலாளிகளுக்கு முந்தையவை பயம் என்றால் ராணுவ அதிகாரிகளுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய பயம்: கீழே இருப்பவன் சொல் கேட்காமல் போய்விடுவான் என்ற பயம். இரண்டு பேரின் பயமும் ஒரே மாதத்தில் சந்தித்துக்கொண்டன. பேராசை என்று மட்டும் சொன்னால் இது விளங்காது. கியூபாவில் காஸ்ட்ரோ வந்து ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது.

பயந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1961 நவம்பரிலேயே ரியோ, சாவோ பாவுலோ தொழிலதிபர்கள் சேர்ந்து இபெஸ் என்று ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். பெயரளவில் ஆய்வு. நடந்தது பிரச்சாரம். திரையரங்குகளில் படத்துக்கு முன்னால் காட்டும் குறும்படங்கள், பத்திரிகைக் கட்டுரைகள், துண்டு வெளியீடுகள், பெண்கள் அமைப்புகளுக்கு உதவி என்று பல வழிகளில் பணம் போனது. அங்கே தகவல் திரட்டும் பிரிவை நடத்தியவர் யார் தெரியுமா? ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த அதே கோல்பெரி. இபாட் என்று இன்னொரு அமைப்பு 1962 தேர்தலில் தனக்குப் பிடித்த வேட்பாளர்களுக்குப் பணம் கொடுத்து, நாடாளுமன்ற விசாரணைக்கு உள்ளாகி மூடப்பட்டது.

மார்ச் 19 அன்று சாவோ பாவுலோவில் 'கடவுளோடும் குடும்பத்தோடும் சுதந்திரத்துக்காக' என்று லட்சக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். பெரும்பாலும் நடுத்தர வர்க்கம், கையில் ஜெபமாலையோடு பெண்கள். இதைக் காட்டித்தான் "மக்களே கேட்டார்கள்" என்று பிற்பாடு சொன்னார்கள். ஆனால் அதே வாரங்களில் சாவோ பாவுலோ வணிகர் அமைப்பு ஒன்று எடுக்கச் சொன்ன கருத்துக்கணிப்பில் கூலார்ட்டுக்கும் நிலச் சீர்திருத்தத்துக்கும் நல்ல ஆதரவு தெரிந்தது. கேட்டு வாங்கியவர்கள் அதை வெளியிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஆய்வாளர்கள் கையில் சிக்கியது. ஊர்வலம் பொய்யில்லை. ஊர்வலத்துக்கு வராதவர்களின் கணக்கு மேசை டிராயரில் கிடந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 31 அன்று மினாஸ் ஜெரைஸ் மாநிலத்திலிருந்து படை கிளம்பியது. இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. அந்த மாநில ஆளுநர் மகல்யாயிஸ் பிண்டோ ஒரு வங்கியின் நிறுவனர். அமெரிக்கா ஒரு கடற்படைப் பிரிவைத் தயாராக அனுப்பி வைத்திருந்தது, தேவைப்படவில்லை. அப்படியானால் இந்த ராணுவப் புரட்சியை நடத்தியது முதலாளிகளா, ராணுவமா? வரலாற்றாசிரியர்கள் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1980-களின் தொடக்கத்தில் இபெஸ் ஆவணங்களை வைத்து, திட்டம் போட்டதே தொழிலதிபர் கூட்டணிதான் என்று ஒரு வாதம் வந்தது. பிற்பாடு வந்தவர்கள், படைத் தளபதிகள் ஒருவரை ஒருவர் நம்பாமல், ஆளுக்கொரு பக்கம் முடிவெடுத்த குழப்பத்தைக் காட்டி, இவ்வளவு சீரான சதி எங்கே இருந்தது என்று கேட்டார்கள். என் கருத்தைச் சொன்னால், நிலத்தை உழுது வைத்தவர்கள் முதலாளிகள் என்பது உறுதி. விதைக்கும் நாளைக் குறித்தவர்கள் ராணுவத்தினர்.

பத்திரிகைகள் விஷயத்தில் சந்தேகமே இல்லை, எல்லாம் அச்சில் இருக்கிறது. ரியோவின் மதிப்பு மிக்க நாளேடான 'கொரெயோ ட மான்யா' மார்ச் 31 அன்று "போதும்!" என்றும், அடுத்த நாள் "வெளியேறு!" என்றும் தலையங்கம் எழுதியது. ஆட்சி கவிழ்ந்த சில நாளிலேயே சித்திரவதைச் செய்திகள் வர, அதே பத்திரிகை எதிர்ப்பக்கம் போனது. விளம்பரம் வறண்டது, உரிமையாளர் அம்மையார் 1969-இல் சிறைக்குப் போனார், 1974-இல் பத்திரிகையே நின்றது. இந்தக் கதையில் எல்லோருக்கும் முன்னால் விழித்துக்கொண்டவர்கள் இவர்கள்தான், அதற்கான விலையையும் கொடுத்தார்கள்.

அப்புறம் அந்த மோதிரங்கள். ஆட்சி மாறிய சில வாரங்களில், ஒரு பெரிய பத்திரிகைக் குழுமம் 'பிரேசிலின் நலனுக்காகத் தங்கம்' என்று வசூல் தொடங்கியது. நாட்டின் கஜானாவை நிரப்பப் போகிறோம் என்றார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, "பிரேசிலின் நலனுக்காகத் தங்கம் கொடுத்தேன்" என்று பொறித்த மலிவான உலோக மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பங்களின் மனநிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை. உங்கள் பெரியப்பாவும் அந்த ஊரில் இருந்திருந்தால் வரிசையில் நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, என்ன கிடைத்தது? தொழிலதிபர்களுக்கு நிறையவே கிடைத்தது. 1964-இலேயே வேலைநிறுத்தத்தை ஏறக்குறைய நடத்தவே முடியாதபடி சட்டம் வந்தது. தொழிற்சங்கத் தலைமைகளை அரசு நீக்கிவிட்டுத் தன் ஆட்களைப் போட்டது. பத்து ஆண்டு வேலை பார்த்த தொழிலாளியைக் கடுமையான குற்றமில்லாமல் நீக்க முடியாது என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. 1966-இல் அதற்குப் பதிலாக ஒரு சேமநிதித் திட்டம் வந்தது. விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்றது சட்டம். சேராதவனுக்கு வேலை கிடையாது என்றது நடைமுறை. ஊதியத்தை அரசே ஒரு சூத்திரம் வைத்து நிர்ணயித்தது. அதில் வரப்போகும் விலையேற்றத்தைக் குறைத்து மதிப்பிட்டுப் போடுவதால், ஒவ்வொரு ஆண்டும் கூலியின் உண்மை மதிப்பு தேய்ந்தது. சேமிப்புக்கும் கடன் பத்திரத்துக்கும் மட்டும் விலைவாசிக்கு ஏற்ப மதிப்பு உயர்த்தும் வசதி செய்யப்பட்டது. ஒரே நாட்டில் பணம் வைத்திருந்தவனுக்கு ஒரு பணவீக்கம், உழைத்தவனுக்கு இன்னொன்று. 1969-இல் பொதுப்பணி ஒப்பந்தங்கள் உள்நாட்டு நிறுவனங்களுக்கே என்று ஆணை வந்தது. அணை, சாலை, பாலம் கட்டிய காமர்கோ கொரேயா, அன்ட்ராடெ குட்டியெரெஸ், ஓடெப்ரெஷ்ட் எல்லாம் பூதாகாரமாக வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். 1968 முதல் 1973 வரை பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. 'பிரேசில் அதிசயம்' என்று உலகமே பேசியது. 1960, 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் வருமான ஏற்றத்தாழ்வு கூடியிருந்ததும் தெரியும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானதாக நான் நினைப்பது வேறொன்று. நாடாளுமன்றம் பொம்மையாகிவிட்ட நாட்டில் முடிவுகள் ஓர் அமைச்சரின் அறையில் எடுக்கப்பட்டன. 1967 முதல் 1974 வரை நிதியமைச்சராக இருந்த டெல்ஃபிம் நெட்டோவின் அறை அது. 1968-இல் விலை நிர்ணயக் குழு ஒன்று வந்தது. தடையற்ற சந்தை வேண்டும் என்று புரட்சிக்குப் பணம் கொடுத்த முதலாளி, தன் சரக்கின் விலையை ஏற்ற அந்தக் குழுவிடம் கோப்போடு போய் நிற்க வேண்டும். அவர்கள் அதைப் பற்றி அப்போது முணுமுணுக்கவில்லை. ஏனென்றால் கதவு திறந்தது. 1968 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தை மூடி, அரசியல் வழக்குகளில் ஆட்கொணர்வு மனுவையே ஒழித்த ஐந்தாம் நிறுவன ஆணையைப் பற்றி அமைச்சரவை விவாதித்தபோது, இது போதாது, இன்னும் அதிகாரம் வேண்டும் என்று பேசியவர் டெல்ஃபிம். ஒலிப்பதிவே இருக்கிறது. அப்படிக் கிடைத்த அதிகாரத்தை அவர் வரிச் சட்டங்களை நாடாளுமன்றத்துக்குப் போகாமலே மாற்றப் பயன்படுத்தினார்.

கதவு எல்லோருக்கும் திறந்ததா என்றால் இல்லை. "சட்டமே செல்லாத இடத்தில் சொத்துக்கு என்ன பாதுகாப்பு" என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில் பானேர் டோ பிரேசில். நாட்டின் புகழ்பெற்ற விமான நிறுவனம். அதன் உரிமையாளர்கள் பழைய ஆட்சியோடு நட்பாக இருந்தவர்கள். 1965 பிப்ரவரி 10 அன்று விமானத் துறை அமைச்சகத்திலிருந்து ஒரு தந்தி: உங்கள் பறக்கும் உரிமை ரத்து. அன்று மாலையே ஐரோப்பாவுக்குக் கிளம்ப வேண்டிய பயணிகளை ஏற்றிக்கொள்ளப் போட்டி நிறுவனமான வாரிகின் விமானம் தயாராக நின்றது. தந்தி வரும் முன்பே வாரிகுக்குத் தெரிந்திருந்தால்தான் இது நடந்திருக்க முடியும். சுமார் 5000 பேருக்கு வேலை போனது. உரிமையாளர்களில் ஒருவரான வாலஸ் சிமோன்சென் அடுத்த மாதமே பாரிஸில் இறந்துபோனார். இத்தனைக்கும் அவர் நாட்டின் முன்னணிக் காப்பி ஏற்றுமதியாளர், தொலைக்காட்சி நிறுவன முதலாளி. ஆளும் தரப்பின் பக்கத்தில் இல்லை என்பது ஒன்றே குறை. அன்றைக்குச் சக முதலாளிகள் சத்தம் போடவில்லை.

இனி இருட்டான பகுதி. 1969 ஜூலையில் சாவோ பாவுலோவில் ஆயுதக் குழுக்களை ஒடுக்க 'ஓபான்' என்ற சிறப்புப் பிரிவு தொடங்கியது. ராணுவமும் போலீசும் சேர்ந்த பிரிவு, சித்திரவதைக் கூடம் என்றே பெயர் வாங்கியது. அதன் தொடக்க விழாவில் தொழிலதிபர்களும் கலந்துகொண்டார்கள். அரசு பட்ஜெட்டில் இதற்குப் போதுமான பணம் இல்லை, வெளியே வசூலானது. பெரிய நிறுவனங்கள் பணமும் வண்டியும் சாப்பாடும் கொடுத்தன என்பதைப் பல சாட்சியங்கள் சொல்கின்றன, உண்மை ஆணையமும் ஏற்றிருக்கிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்குதான் சிக்கல். இப்படிப்பட்ட பணத்துக்கு ரசீது கிடையாது. பெயர் வெளிப்படையாக அடிபட்டவர் உல்ட்ராகாஸ் எரிவாயு நிறுவனத் தலைவர் ஹென்னிங் பாய்லசன், டென்மார்க்கில் பிறந்தவர். 1971 ஏப்ரல் 15 அன்று ஆயுதக் குழுவினர் அவரைச் சாவோ பாவுலோ தெருவில் சுட்டுக் கொன்றார்கள். சித்திரவதையை அவர் நேரில் இருந்து பார்த்தார் என்பது கைதிகள் சிலரின் சாட்சியம். நிதி திரட்டியதில் அவர் பங்கு எனக்கு ஐயமில்லாதது. மற்றதை வழக்குமன்றத்தில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்ற குறிப்போடுதான் படிக்க வேண்டும். 1979-இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் சித்திரவதை செய்தவர்களையும் சேர்த்துக் காத்துவிட்டது. ஆணையம் பட்டியலிட்ட, கொல்லப்பட்டோர் காணாமல்போனோர் எண்ணிக்கை 434.

பிறகு ஏன் முதலாளிகள் விலகினார்கள்? மனசாட்சி என்று சொல்ல எனக்கும் ஆசைதான், தேதிகள் இடம் கொடுக்கவில்லை. சித்திரவதை உச்சத்தில் இருந்த 1969 முதல் 1973 வரை அவர்கள் பெரும்பாலும் அமைதி. 1973-இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. பிரேசில் தனக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்த நாடு. 1974-இல் அதிபரான கைசெல், அரசு நிறுவனங்கள் மூலமே பெரிய முதலீடுகளைச் செய்தார். முடிவெடுக்கும் வட்டத்தையும் சுருக்கினார். டெல்ஃபிம் பாரிசுக்குத் தூதராகப் போனார். பழகிய கதவு மூடியது. சரியாக அந்த ஆண்டின் கடைசியில் மூத்த பொருளாதார அறிஞர் யூஜெனியோ குடின், கம்யூனிச நாடுகளை விட்டால் பிரேசில் அளவுக்கு அரசின் பிடியில் இருக்கும் பொருளாதாரம் வேறெங்கும் இல்லை என்ற பொருளில் பேச, பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்டு பிரச்சாரம் செய்தன. 1977-இல் தொழில் அமைச்சர் செவெரோ கோமெஸ் பதவி விலகினார். 1978-இல் அவரும் வோட்டோரன்டிம் குழுமத்தின் அன்டோனியோ எர்மிரியோ டி மொராயிஸும் இன்னும் ஆறு தொழிலதிபர்களும் ஜனநாயகம் வேண்டும் என்று கூட்டறிக்கை விட்டார்கள். 'எட்டுப் பேர் ஆவணம்' என்று பெயர். துணிச்சலான அறிக்கை, குறைத்துச் சொல்ல மாட்டேன். தங்களைக் கேட்காமல் முடிவெடுக்கும் அரசை மாற்ற ஒரே வழி தேர்தல்தான் என்று அவர்களுக்குப் பதினான்கு ஆண்டு கழித்துத் தெரிந்தது.

தொழிலாளிகளுக்கு அது எப்போதும் தெரிந்திருந்தது. 1973-க்கான அரசின் விலைவாசிக் கணக்கு மிகக் குறைத்துக் காட்டப்பட்டது என்று 1977-இல் உலக வங்கி அறிக்கை வழியாக வெளியே வந்தது. அதனால் இழந்த ஊதியம் 34.1 சதவீதம் என்று உலோகத் தொழிலாளர் சங்கம் கணக்குப் போட்டது. 1978 மே 12 அன்று சாவோ பெர்னார்டோவில் ஸ்கானியா ஆலைத் தொழிலாளர்கள் வழக்கம்போல உள்ளே வந்தார்கள், வருகை அட்டையைக் குத்தினார்கள், இயந்திரத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுவிட்சை மட்டும் போடவில்லை. ஆலைக்கு வெளியே கூடினால்தானே போலீஸ் வரும்? லூலா என்ற சங்கத் தலைவரை நாடு அறிந்தது அந்த அலையில்தான். 1980-இல் 41 நாள் வேலைநிறுத்தத்தின்போது தேசப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர் கைதானார். ஜனநாயகம் பேசத் தொடங்கிய முதலாளிகளில் அன்று அவருக்காகப் பேசியவர்கள் சொற்பம்.

கடைசிக் கணக்கு என்ன? 1964-இல் சுமார் 300 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுக் கடன், ராணுவம் வீடு திரும்பும்போது சுமார் 10,000 கோடி டாலர். எந்தப் பணவீக்கத்தைக் காட்டி ஆட்சியைப் பிடித்தார்களோ, அது 1983-இல் ஆண்டுக்கு 200 சதவீதத்தைத் தாண்டியது. கட்டுமான நிறுவனங்கள் கொழுத்தன, வங்கிகள் கொழுத்தன. பாதிக்கப்பட்டது யாரென்றால், 1965, 1966-இலேயே கடன் கிடைக்காமல் திவாலான சிறிய, நடுத்தரத் தொழில்கள். ஊர்வலத்துக்கு ஆள் அனுப்பிய வர்க்கம் அது. உங்கள் பெரியப்பாவின் கணக்கில் பிழை இங்கேதான் வருகிறது. மொத்த வியாபாரிக்கு அமைச்சரின் அறைக்குள் நாற்காலி கிடைத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

பொறுப்பேற்பைப் பற்றி ஒரு வரி. 1964-ஐ ஆதரித்தது தவறு என்று 'ஓ குளோபோ' நாளேடு 2013-இல் எழுதியது. தன் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய தகவல்களை அரசியல் போலீசுக்குக் கொடுத்த ஃபோக்ஸ்வாகன், 2020-இல் அரசு வழக்கறிஞர்களோடு உடன்பாடு செய்து பிரேசில் நாணயத்தில் சுமார் 3.6 கோடி ரியால் கொடுக்க ஒப்புக்கொண்டது. உள்நாட்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை வாய் திறக்கவில்லை.

நீங்கள் மேலே படிக்க விரும்பினால் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த நாட்டில் ராணுவமே வியாபாரம் செய்கிறதா? பிரேசில் ராணுவம் பெரிய அளவில் தனக்கென்று கடை விரிக்கவில்லை, அதனால் முதலாளிகளோடு பங்கு போட்டுக்கொள்ள முடிந்தது. பாகிஸ்தானில் ஃபௌஜி அறக்கட்டளை உரமும் சிமென்டும் விற்கிறது. எகிப்தில் ராணுவத் தொழிற்சாலைகளிலிருந்து வீட்டுச் சாமான் வரை வருகிறது. அங்கெல்லாம் தளபதி, வியாபாரிக்குக் காவலன் மட்டுமில்லை, போட்டியாளனும்கூட. அந்த நாடுகளுக்கு இந்தப் பதிலை அப்படியே எடுத்துப் பொருத்தாதீர்கள். பாகிஸ்தானைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் இங்கே இருந்தால் அவர்கள் எழுதட்டும், நானும் படிக்கிறேன்.